மலை வீட்டில் துணி பீரோவை ஒழிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோவையிலோ மதுரையிலோ துணி பீரோவை ஒழிப்பது பெரும்பாலும் இடம் போதாமல்தான். நீலகிரியில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நெருக்கி அடைத்த துணிக்கு நடுவே காற்று போகாது. காற்று போகாத இடத்தில் ஈரம் தங்கும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். கட்டாத பத்துப் புடவைகள் இடத்தை அடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் நல்ல பட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

நான் குன்னூரில் இருக்கிறேன். எங்கள் வீட்டு பீரோவை வருஷம் ஒருமுறை முழுதாக ஒழிக்கிறேன். உறவிலும் அக்கம்பக்கத்திலும் பல வீடுகளில் கூட இருந்து செய்து கொடுத்திருக்கிறேன். எதைக் கழிப்பது என்பதில் எல்லாரும் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தடுமாறுவது வரிசையில்தான். இங்கே முதலில் காய வைக்க வேண்டும், அப்புறம்தான் பிரிக்க வேண்டும். பிரித்து அடுக்கிவிட்டுப் பிறகு காய வைக்கலாம் என்று நினைத்தால் அந்த வேலை திரும்பவும் முதலில் இருந்து வரும்.

1. நாள் பாருங்கள்

ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் முடிய உள்ள நாட்கள்தான் இதற்கு ஏற்றவை. வானம் தெளிந்திருக்கும், காற்றில் ஈரம் குறைவு. ஏப்ரலில் கோடை மழை எட்டிப் பார்க்கும். மே மாதம் சீசன். கீழே இருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கும்போது பீரோவைக் கலைத்துப் போட வீட்டில் இடமிருக்காது. ஜூனில் கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரும் நவம்பரும் மோசமான மாதங்கள். கொடைக்கானலிலும் அப்படித்தான்.

திருச்சியில் இருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் ஆயுத பூஜை விடுமுறையில் பீரோ முழுவதையும் காலி செய்தார்கள். ஊரில் அவர்களுக்கு அது பழக்கம். மறுநாள் பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. கட்டில், நாற்காலி, ஜன்னல் திண்டு என்று எங்கும் துணி. ஐந்தாம் நாள் தொட்டால் சில்லென்று இருந்த துணிகளை வேறு வழியில்லாமல் அப்படியே திரும்ப அடுக்கினார்கள். டிசம்பரில் அந்த அண்ணனின் கறுப்புக் கோட்டை எடுத்தபோது காலர் முழுக்க வெள்ளைப் பொட்டுகள்.

நல்ல மாதத்திலும் நேரம் பார்க்க வேண்டும். உறைபனி விழுகிற நாட்களில் காலை ஒன்பது மணி வரை புல்லும் கொடிக்கயிறும் நனைந்திருக்கும். பகல் இரண்டு மணிக்கு மேல் எந்த நிமிடமும் மூடுபனி ஏறி வரலாம். ஆக, நம் கையில் இருப்பது ஒன்பதரை மணியில் இருந்து ஒரு மணி வரைதான். ஒரு பீரோவுக்கு இப்படி ஐந்தாறு காலைகள் வேண்டும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

2. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

தரையில் விரிக்கப் பழைய பெட்ஷீட் இரண்டு. வெயிலில் கொடியும், நிழலில் இன்னொரு கொடியும். மென்மையான பிரஷ் ஒன்று, டார்ச் ஒன்று, முகத்துக்கு மாஸ்க். வெள்ளை வினிகர் ஒரு பாட்டில். ஊசி, நூல், பொத்தான் டப்பா. கஞ்சி போடாமல் துவைத்த பழைய வேட்டி இரண்டு மூன்று. பட்டு சுற்ற இது கண்டிப்பாக வேண்டும்.

பிரித்துப் போட நான்கு துணிப்பைகளோ அட்டைப்பெட்டிகளோ தேவை. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கவருக்குள் போன துணியின் ஈரம் வெளியே வர வழியில்லை. பெட்டிகளில் முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள்: கொடுக்க, தைக்க, துவைக்க, கந்தல். பெயர் எழுதாத பெட்டியில் துணி விழுந்தால் சாயங்காலம் எது எதற்கு என்று தெரியாமல் எல்லாம் பீரோவுக்கே திரும்பிப் போகும். இதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

3. ஒரு காலைக்கு ஒரு தட்டு

மேல் தட்டில் இருந்து தொடங்குங்கள். தூசியும் பூச்சிக்கூடும் கீழே உதிரும் என்பதால் கீழ்த்தட்டு கடைசியில் வரட்டும். ஒரு தட்டைக் காலி செய்து, காய வைத்து, பார்த்து, பிரித்து முடிக்கும்வரை அடுத்த தட்டில் கை வைக்காதீர்கள். மூடுபனி முன்னாலேயே வந்துவிட்டாலும் ஒரு தட்டுத் துணியைப் பத்து நிமிடத்தில் உள்ளே வாரிவிடலாம். முழு பீரோவை வார முடியாது.

துணியை மடிப்போடு வெயிலில் வைப்பது எல்லாரும் செய்யும் தவறு. மேல்பக்கம் சூடாகும், மடிப்புக்குள் ஈரம் அப்படியே இருக்கும். முழுதாக உதறி, பிரித்துப் போடுங்கள். சாயத் துணிகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். மலை வெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் இந்த உயரத்தில் சாயத்தைக் கீழே இருப்பதைவிட வேகமாக வெளுக்கும். பட்டு நிழல் கொடிக்கு. கம்பளி ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டால் நீண்டுபோகும். பெட்ஷீட்டில் படுக்கப் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டும்.

உள்ளே எடுத்ததும் உடனே மடிக்க வேண்டாம். கைக்குக் கதகதப்பாக இருக்கும் துணியை மடித்துக் குளிர்ந்த இரும்பு பீரோவில் வைத்துக் கதவைச் சாத்தினால் உள்பக்கம் நீர் பூக்கும். கட்டிலில் பரப்பி, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

ஆறும் நேரத்தில் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காலர், அக்குள், இடுப்பு நாடா, மடிப்பு ஓரம் ஆகிய நான்கு இடங்கள் போதும். மடிப்பு ஓரத்தில் உப்பு தூவினாற்போல் வெள்ளையோ, மிளகுத்தூள் போல் கறுப்போ தெரிந்து, மூக்கருகே கொண்டுபோனால் மண் வாடை வந்தால் அது பூஞ்சை. கம்பளியில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், பக்கத்தில் அரிசியளவுக்குப் பஞ்சு சுற்றிய கூடும் இருந்தால் அந்துப்பூச்சி. ஓட்டை விழாமல் துணியின் மேல்பரப்பு மட்டும் சுரண்டினாற்போல் தேய்ந்திருந்தால் அது வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடுமே, அந்த இராமபாணப் பூச்சி. கஞ்சி போட்ட வேட்டியிலும் காட்டன் புடவையிலும்தான் அதிகம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால்தான் பார்ப்பதற்கு இவ்வளவு நேரம் கொடுக்கச் சொல்கிறேன்.

4. பூஞ்சை பிடித்ததைத் தனியாக எடுங்கள்

பூஞ்சைத் துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள். பூஞ்சையின் துகள் காற்றில் பறந்து மற்ற துணியில் போய் உட்காரும், மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும் ஆகாது. மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலுக்குக் கொண்டுபோய் பிரஷால் தட்டி எடுத்து, வெயிலில் போட்டுவிட்டு, தனி வாளியில் துவையுங்கள். பருத்தி என்றால் நல்ல சுடுநீர். வெள்ளைப் பருத்தியில் கறை நின்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசலாம். இரும்பு பீரோவில் இருந்து ஒட்டிய துருக்கறைக்கும் இதே வைத்தியம்தான். சாயத்துணியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அந்த இடம் வெளுத்துவிடும்.

கறை போகும் முன் இஸ்திரி போடவே கூடாது. சூட்டில் கறை நூலோடு பதிந்துவிடும். இரண்டு முறை துவைத்து இரண்டு வெயில் காட்டிய பிறகும் வாடை போகவில்லை என்றால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது என்று பார்க்காதீர்கள்.

5. இப்போது பிரியுங்கள்

ஒரு வருஷமாகப் போடாத துணியைக் கழித்துவிடு என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சொல்கிறார்கள். மலையில் அது முழுதாகச் செல்லாது. நம்மிடம் இரண்டு ஊர்த் துணி இருக்கிறது. இங்கே தினமும் போடுவது ஒன்று, கீழே போகும்போது போடுவது இன்னொன்று. மேட்டுப்பாளையம் இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்த அனுபவம் இல்லாதவர்கள் இங்கே யார்? கீழே ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி வேலை என்றால் மெல்லிய காட்டன் வேண்டும். வருஷத்தில் இரண்டு தடவைதான் போடுகிறோம் என்று அதைக் கழித்தால் அடுத்த முறை அவசரத்துக்குப் புதிதாக வாங்க நேரும்.

அதனால் முதலில் மூன்று குவியல்: மலைத்துணி, கீழே போகும் துணி, விசேஷத்துணி. ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வேறு.

மலைத்துணிக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, அடைமழையில் அது காய எத்தனை நாள் ஆகும் என்பதுதான். எங்கள் வீட்டில் நவம்பரில் பருத்தி நைட்டி காய மூன்று நாள் ஆகிறது, தடித்த ஸ்வெட்டருக்கு ஐந்து நாள். ஜீன்ஸ் பேண்ட்டின் இடுப்புப் பட்டை ஒரு வாரமானாலும் ஈரமாகவே இருக்கும். காயும் நாளைவிட இரண்டு அதிகம் இருந்தால் போதும். நைட்டி ஐந்து. உள்ளாடையும் சாக்ஸும் தினமும் மாற்றுவதால் கொஞ்சம் தாராளமாகப் பத்து. ஸ்வெட்டரைத் தினமும் துவைப்பதில்லை, ஆளுக்கு மூன்று நான்கு போதும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் ஆகிறது என்று ஒரு மழைக்காலம் கவனித்தால் உங்கள் எண்ணிக்கை உங்களுக்கே தெரிந்துவிடும். எதைக் கழிப்பது என்று தயங்கினால் காயத் தாமதமாகும் துணியைக் கழியுங்கள். ஐந்து ஜீன்ஸ் வைத்திருந்த என் தங்கை மகன் இப்போது இரண்டோடு இருக்கிறான். ஒரு குறையும் இல்லை.

கீழே போகும் துணிக்கு ஒரு பெட்டி மட்டும். ஆளுக்கு நான்கைந்து ஜோடி. பெட்டி நிறைந்துவிட்டால் புதிதாக ஒன்று உள்ளே வரும்போது பழையது ஒன்று வெளியே போக வேண்டும். இதைத் தனிப்பெட்டியில் வைப்பதில் இன்னொரு வசதி, திடீரென்று கிளம்பும்போது பீரோவைக் கலைக்க வேண்டியதில்லை.

விசேஷத்துணியில் எண்ணிக்கை பார்க்க மாட்டேன், நிலைமையை மட்டும் பார்ப்பேன். படுக வீடுகளில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உடுத்தும் வெள்ளையை யாரும் கழிக்கச் சொல்ல முடியாது. ஆனால் சோப்பு முழுதாகப் போகாமல் மடித்த வெள்ளை, அடுத்த பண்டிகைக்குள் மடிப்பில் பழுப்பேறிவிடும். இரண்டு தண்ணீர் கூடுதலாக அலசி, கஞ்சியும் நீலமும் போடாமல் வைத்துவிட்டு, உடுத்துவதற்கு முந்தின வாரம் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்ததில் என் தோழி வீட்டில் அந்தத் தொல்லை நின்றது.

எந்தக் குவியலாக இருந்தாலும் சந்தேகம் வந்தால் போட்டுப் பாருங்கள், கையில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். ஸ்வெட்டர் என்றால் உள்ளே முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பாருங்கள். ஜனவரியில் அப்படித்தானே போடப்போகிறோம்? கை தூக்கினால் அக்குள் இழுத்தால் அது உங்கள் அளவு இல்லை. “அக்கா, இளைச்சா போட்டுக்குவேன்” என்று எல்லா வீட்டிலும் ஒரு குவியல் சேரும். அதில் மிகவும் பிடித்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இரண்டு இருந்தால் ஆசைக்கு இடம் கொடுத்த மாதிரியும் ஆகும், தட்டும் நிறையாது.

ஞாபகத்துக்காக வைத்திருக்கும் துணிகளைக் கடைசி நாளில் எடுங்கள். முதல் நாளே குழந்தையின் முதல் குல்லாவை எடுத்தால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். அம்மா கட்டிய புடவை, அப்பா போட்ட மப்ளர் எல்லாம் இருக்கட்டும். அவற்றுக்கென்று ஒரு சின்ன மரப்பெட்டி வைத்து, அதையும் மற்ற துணிபோல வருஷாவருஷம் காற்றாட விடுங்கள். பத்திரம் என்று திறக்காமலே வைப்பதுதான் அவற்றுக்கு ஆபத்து.

6. கம்பளியா, அக்ரிலிக்கா என்று பார்த்துவிடுங்கள்

அந்துப்பூச்சியின் புழு தின்பது ஆட்டு ரோமத்தையும் பட்டையும்தான். சுத்தமான அக்ரிலிக் ஸ்வெட்டரை அது சீண்டுவதில்லை. ஊட்டியில் மலிவாகக் கிடைக்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். எது எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் அந்துருண்டை போடுவது வீண்.

தையல் ஓரத்தில் இருந்து ஒரு சின்ன நூலைப் பிரித்து, ஒரு தட்டில் வைத்து, இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக். அந்த மணியின் சூடு ஆறும்வரை தொடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கம்பளியைக் குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்பில் நனைத்து, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கப் போட்டுக் காய வையுங்கள். போட்ட ஸ்வெட்டரைத் துவைக்காமல் எடுத்து வைப்பதுதான் பூச்சிக்கு அழைப்பு. வியர்வையும் உணவுக் கறையும் உள்ள இடத்தில்தான் புழு முதலில் வாய் வைக்கும். முட்டைகள் கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஓட்டை விழுந்த ஸ்வெட்டரைத் தைத்து வைப்பதற்கு முன் தையல் மடிப்புகளை எல்லாம் பிரஷால் தேய்த்து, வெயிலில் போட்டு உதற வேண்டும். அந்தத் தட்டில் இருந்த மற்ற கம்பளிகளுக்கும் இதைச் செய்யுங்கள்.

தோடர் எம்பிராய்டரி சால்வை இருந்தால் அதற்குத் தனி கவனம் வேண்டும். துணி பருத்தி, பூவேலை சிவப்பும் கறுப்பும் கலந்த தடித்த நூல். சுடுநீரில் போட்டால் சிவப்பு இறங்கி வெள்ளையில் ஏறலாம். குளிர்ந்த நீரில் தனியாக அலசி, நிழலில் காய வைத்துவிடுங்கள்.

7. பட்டுக்கு ஒரு முழுக் காலை

என் அம்மாவின் கூறைப்புடவையை நான் பத்திரமாக வைப்பதாக நினைத்துக் கடை கொடுத்த பிளாஸ்டிக் கவரிலேயே, பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். கல்யாணத்துக்குக் கல்யாணம்தான் எடுப்பேன். ஒரு வருஷம் மழைக்குப் பிறகு எடுத்துப் பிரித்தபோது மடிப்பு மடிப்பாக ஜரிகை கறுத்து, முந்தானையில் மடித்த கோட்டின்மேல் பட்டு நூல் விட்டுப்போய் வரிசையாகக் கிழிந்திருந்தது. அந்த கவரின் உள்பக்கம் நீர்த்துளி. அதை என்னால் மீட்க முடியவில்லை. இந்த வழிகாட்டியில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் பட்டை இன்றைக்கே கவரில் இருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

நிழலில், காற்றோட்டமாக, ஒரு மணி நேரம் விரித்துப் போடுங்கள். முன்பு மடித்த கோட்டில் திரும்ப மடிக்காதீர்கள். ஒரே இடத்தில் மடிப்பு விழுந்துகொண்டிருந்தால் அங்கே நூல் களைத்து அறுந்துவிடும். ஜரிகை உள்பக்கம் போகும்படி மடித்து, துவைத்த வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் போதும். கனமான பட்டை ஹேங்கரில் தொங்கவிட வேண்டாம், தன் கனத்திலேயே இழுபடும். அந்துருண்டை ஜரிகைமேல் படவே கூடாது. சென்ட்டும் அப்படித்தான்.

கட்டிய பட்டை அன்றைக்கே மடித்து வைக்கும் பழக்கமும் நல்லதில்லை. ஓர் இரவு நாற்காலியில் காற்றாட இருக்கட்டும்.

8. பீரோவையும் அது நிற்கும் சுவரையும் பாருங்கள்

எல்லாத் தட்டும் முடிந்த நாளில் வெற்று பீரோவை வெளிச்சத்தில் பாருங்கள். தட்டுகளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, கதவை ஒரு பகல் முழுக்கத் திறந்து போடுங்கள். துருப்பிடித்த இடம் இருந்தால் தேய்த்து எடுத்துவிட்டு அதன்மேல் தடித்த பருத்தித்துணி விரியுங்கள். பழைய செய்தித்தாள் விரிக்கும் வழக்கம் உண்டு. அது ஈரத்தை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், இராமபாணப் பூச்சிக்குத் தீனியும் ஆகும். விரித்தால் மாதம் ஒருமுறை மாற்ற முடிகிறவர்கள் மட்டும் விரியுங்கள்.

பிறகு பீரோவின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வெளிச்சுவரோடு ஒட்டி நின்றால் அது சில்லென்று இருக்கும். இரவில் குளிர்ந்த சுவரில் அறைக்காற்றின் ஈரம் வந்து படியும். ஒட்டி நிற்கும் பீரோவிலும் அதே ஈரம் ஏறும். முடிந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். பழைய பங்களாக்களில் கணப்பு இருக்கும் சுவரே வீட்டில் உலர்ந்த சுவர். கணப்பில் நெருப்பு மூட்டுகிறவர்கள் பீரோவைச் சற்றுத் தள்ளி அதே சுவரில் வைக்கலாம். மாற்ற வழியே இல்லையென்றால் சுவரில் இருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு, அடியில் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள். சுவருக்குள்ளேயே கட்டிய அலமாரி உள்ளவர்கள் பின்பக்கச் சுவரில் துணி படாமல் நான்கு விரல் விட்டு அடுக்க வேண்டும்.

9. திரும்ப அடுக்குவது

தட்டில் முக்கால் பாகம்தான் துணி. அடுக்கின் மேலும், அடுக்குகளுக்கு நடுவிலும் உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இன்னும் கழிக்க வேண்டியது இருக்கிறது என்று பொருள். இந்தக் கை அளவைத்தான் எல்லா வீட்டிலும் கடைசிச் சோதனையாக வைத்திருக்கிறேன்.

பட்டும் விசேஷத்துணியும் மேல் தட்டில், ஏனென்றால் ஈரம் தரையில் இருந்துதான் முதலில் ஏறும். தினமும் எடுப்பது கண் மட்டத்தில். தடித்த கம்பளியும் ரஜாயும் கீழே. அன்று போட்ட ஜெர்கினும் மப்ளரும் பீரோவுக்குள் போகவே கூடாது. மூடுபனியில் நடந்து வந்தாலே அவை ஈரம் குடித்திருக்கும். அவற்றுக்கு வாசலருகே ஒரு ஸ்டாண்ட் போடுங்கள்.

அந்துருண்டையின் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழ்நோக்கி இறங்கும். ஆகவே கம்பளித் தட்டின் மேல்பக்கத்தில், துணியில் முடிந்து, ஒன்றிரண்டு போதும். குழந்தைத் துணி உள்ள பீரோவில் போடாதீர்கள். சில குழந்தைகளுக்கு அந்த ஆவியே ரத்த அணுக்களைச் சிதைக்கும் அளவுக்குக் கெடுதல் செய்யும். அங்கே காய்ந்த வேப்பிலைதான் நான் போடுவது. வேம்பு இந்தக் குளிரில் செழித்து வளராது என்பதால் மேட்டுப்பாளையம் போகிறவர்களிடம் சொல்லிவிடுவேன். சருகாக உலர்த்தித் துணிப்பையில் கட்டி வைக்க வேண்டும், பச்சையாக வைத்தால் அதுவே ஈரம். யூகலிப்டஸ் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பதும் உண்டு. பஞ்சை ஒரு கிண்ணத்தில் வையுங்கள், துணியில் பட்டால் எண்ணெய்க் கறை நிற்கும்.

அடுப்புக்கரி மூட்டை வாடையை நன்றாக இழுக்கும், ஈரத்தை ஓரளவுக்குத்தான். ஈரத்துக்கு சிலிகா ஜெல் நல்லது, சூடாக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் தண்ணீர் சேரும். அது கொட்டினால் துணி பாழ், அதனால் தரைத்தட்டில் ஒரு கிண்ணத்துக்குள் வையுங்கள்.

இரண்டு பழக்கங்களைக் கைவிடச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒன்று, பீரோவுக்குள் குண்டு பல்ப் எரியவிடுவது. துணி சாய்ந்து பட்டால் தீப்பிடிக்கும். இன்னொன்று, துணி காயட்டும் என்று மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

10. கழித்ததை ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள்

கழித்த பெட்டி கட்டிலுக்கு அடியில் போனால் ஈரமும் பூச்சியும் அங்கே வளர்ந்து பீரோவுக்குத் திரும்பும். பெட்டி நிறைந்த அன்றே எங்கே போகிறது என்று முடிவு செய்யுங்கள்.

கொடுக்கும் துணி துவைத்து, பொத்தான் தைத்து, ஜிப் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் குவியலைக் கையில் திணிக்காமல், “இதில் உங்களுக்கு வேண்டியது இருந்தால் பாருங்கள்” என்று கேளுங்கள். அவர்களும் தங்கள் பீரோவில் இடம் பார்க்கிறவர்கள்தான். முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்றால் முதலில் போன் செய்து என்ன அளவு, என்ன துணி என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். இங்கே ஸ்வெட்டருக்கும் கம்பளிக்கும் எப்போதும் தேவை இருக்கும். கீழ்த்துணியைக் கீழே போகும்போது கொடுப்பதே பயன்.

பழைய பட்டை வாசலில் வரும் வியாபாரிக்கு உடனே எடை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. தெரிந்த கடையில் ஜரிகை அசலா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

கிழிந்த பருத்தியைத் துடைக்கவும் மிதியடிக்கும் வெட்டி வைக்கலாம். அதற்கும் ஒரு பை மட்டும், நிறைந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். போகிக்குத் துணி எரிப்பது வேண்டாம். நைலானும் பாலியெஸ்டரும் எரியும் புகை பள்ளத்தாக்கில் இறங்கி, பனியோடு சேர்ந்து, நெடுநேரம் வீட்டுக்கு வீடு நிற்கும்.

11. மழைக்கு முன்னும் மழைக்கு நடுவிலும்

மே கடைசியில் ஒரு காலை, எதையும் கலைக்காமல், ஒவ்வொரு தட்டிலும் கை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை நுழையாத இடத்தில் இரண்டு துணியை வெளியே எடுங்கள். சிலிகா ஜெல்லைச் சூடாக்குங்கள், வேப்பிலையை மாற்றுங்கள்.

மழை தொடங்கிய பிறகு, வெயில் தலைகாட்டும் நாளில் பீரோக் கதவுகளை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் நாளில் திறக்காதீர்கள், வெளி ஈரம் உள்ளே போய்விடும். திறந்ததும் மண் வாடை வந்தால் அந்தத் தட்டின் அடித்துணியை முதலில் எடுத்துப் பாருங்கள்.